நினைவுப்பொருளா, மறதிப்பொருளா?

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பரந்து கிடக்கிறது கோமோ ஏரி. அதன் கரையிலுள்ள பெல்லாஜியோ என்னும் சிற்றூரின் ஒடுங்கிய கற்படித் தெருக்களில் இருமருங்கும் கடைகள். கடைகளிலே பட்டுச் சால்வைகளும் கழுத்துப்பட்டிகளும் பளபளக்கின்றன. உல்லாசப் பிரயாணிகள் அவற்றை ஆவலோடு வாங்குகின்றனர். நினைவுப்பொருள் என்று அதற்குப் பெயர்! எதை நினைப்பதற்கு? ஏரியையா, மலையையா, மாளிகைத் தோட்டங்களையா? அந்தப் பட்டை உலகறியச் செய்த கைகளை நினைப்பவர் எத்தனை பேர்?

கோமோவின் பட்டு மாளிகையில் பிறந்ததன்று. லொம்பார்டிக் குத்தகை உழவன் முசுக்கட்டை இலை பறித்து, தான் குடியிருந்த வீட்டிலேயே புழுக்களை வளர்த்தான். விளைந்த கூடுகளில் நிலவுடைமையாளன் தன் பங்கை எடுத்துக்கொண்டான். பின்னர் அவை நூற்பாலைகளை அடைந்தன. அங்கே வெந்நீர்த் தொட்டிகளின் முன்னே பெண்களும் சிறுமியரும் நாள் முழுவதும் உழைத்தனர். நீரில் மிதக்கும் கூட்டிலே இழையின் நுனியைத் தேடிப் பிடிப்பது பிஞ்சு விரல்களின் வேலை. விரல்கள் வெந்து புண்ணாகின. நீராவியும் செத்த புழுக்களின் நாற்றமுமே அவர்கள் சுவாசித்த காற்று.

1886ஆம் ஆண்டுச் சட்டம், 9 வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலையில் அமர்த்தலாகாது என்றது. நிரம்பிய பிள்ளைகளை அமர்த்தலாம் என்பதே அதன் மறுபக்கம்! 1902ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை 12 ஆக உயர்த்தியது. பெண்களின் வேலைநாளுக்கு 12 மணித்தியாலம் என எல்லை வகுத்தது. அச்சட்டம் அமைச்சர் கார்க்கானோவின் பெயரால் வழங்குகிறது. அவர் பிறந்த ஊர் இதே கோமோ! பாதுகாப்பாக வந்த எல்லையே 12 மணித்தியாலமென்றால், அதற்கு முந்திய நாட்கள் எத்தகையன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்று கச்சாப் பட்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சாயமிடுதலும் அச்சிடுதலும் கோமோவில் நிகழ்கின்றன. அத்தொழிலாளரின் திறனை நாம் மதிக்கிறோம். ஆனால், ஒரு பொருள் இறுதியாகக் கணிசமான மாற்றம் பெற்ற நாட்டின் பெயரையே சுங்கச் சட்டம் அதற்குச் சூட்டுகிறது. ஆகவே சால்வையின் ஓரத்தில் 'இத்தாலியில் செய்தது' என்ற சீட்டு தொங்குகிறது. புழு வளர்த்தவனுக்கும் நூல் இழுத்தவளுக்கும் அச்சீட்டில் இடமில்லை. அன்று லொம்பார்டிச் சிறுமி மறைக்கப்பட்டாள்; இன்று சீனத்துத் தொழிலாளி மறைக்கப்படுகிறாள்.

"விடுமுறையில் ஒரு சால்வை வாங்குவதும் குற்றமா?" என்று சில அன்பர்கள் கேட்பர். குற்றமன்று. நாம் அழகின் பகைவரல்லர். அழகைப் படைத்தவரை அழகிலிருந்து பிரிப்பதையே எதிர்க்கிறோம். "அது பழங்கதை" என்பாரும் உளர். பழங்கதையாயின், கோமோ நகரில் பட்டுக்கென ஓர் அருங்காட்சியகம் இருப்பதேன்? கீழ்க்கரையிலுள்ள அப்பாதியா லாரியானாவில் 1818ஆம் ஆண்டின் நூல்முறுக்கு இயந்திரத்தைப் பேணிக் காப்பதேன்? சான்றுகள் ஏரிக்கரையிலேயே இருக்கின்றன. அவற்றைக் கடை வாசலுக்குக் கொண்டுவர வணிகனுக்குத்தான் மனமில்லை. உழைப்பின் வரலாறு தெரிந்தால் வாங்குபவன் கேள்வி கேட்பான். கேள்வி இலாபத்துக்கு உகந்ததன்று.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! எப்பொருளைக் கண்டாலும் "என்ன விலை?" என்று கேட்கவே இச்சமுதாயம் நம்மைப் பழக்கியிருக்கிறது. "யார் செய்தது? அவருக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்விகளை வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம். அவற்றுக்கு விடை தராத சால்வை எத்துணை மென்மையாயினும் அது நினைவுப்பொருளன்று, மறதிப்பொருளே.