நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டியவர் யார்?

எச்.ஐ.வி. தடுப்பைப் பற்றிய கட்டுரைகளிலும் சுவரொட்டிகளிலும் 'நடத்தை மாற்றம்' என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அதனைப் படிக்கும் ஒவ்வொருவரும் மாற வேண்டியவர் வேறொருவர் என்றே கொள்கின்றனர். லாரி ஓட்டுநர், பாலியல் தொழில் செய்யும் பெண், திருநங்கை, ஊசிவழிப் போதைமருந்து கொள்பவர், பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்றவர் என்று ஒரு பட்டியல் நம் மனத்தில் ஆயத்தமாக இருக்கிறது. அப்பட்டியலில் உள்ளோர் தமிழ்நாட்டில் பெருமளவு மாறிவிட்டனர். மாறாமல் நிற்பது அவர்களைச் சூழ்ந்துள்ள நாமே என்பது என் கருத்து.

1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரின் இரத்த மாதிரிகளில் இக்கிருமியைக் கண்டறிந்தனர். இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. பழியும் அங்கிருந்தே தொடங்குகிறது. அப்பெண்களுக்கு இக்கிருமியைக் கொடுத்த ஆண்கள் யாவர் என்று கேட்டவர் அரியர். எனினும், பின்வந்த ஆண்டுகளில் தடுப்புப் பணியைத் தோளில் சுமந்தவர்களுள் அதே தொழிலில் இருந்த பெண்கள் முதன்மையானவர்கள். அவர்கள் தொண்டு நிறுவனங்களிடம் பயிற்சி பெற்று, ஆணுறையின் தேவையைத் தம் தோழியருக்கு எடுத்துரைத்தனர். மறுக்கும் வாடிக்கையாளரிடம் எவ்வாறு பேசுவது என்று கற்றுக்கொடுத்தனர். 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. இந்தியாவில் இத்தகைய சங்கங்களுள் அதுவே முதலாவது.

2006-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிப் பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004-இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. பாலியல் தொழிலாளரும் அவர்களிடம் செல்லும் ஆண்களும் ஆணுறையை மிகுதியாகப் பயன்படுத்தியதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கருதினர். நம் வீட்டுப் பெண்களைக் காத்தவர்களுள், நாம் பெயர் சொல்லக் கூசும் பெண்களும் உளர்.

அக்காலத்தில் விளம்பரப் பலகைகளில் எழுந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வியை நடுவயதினர் எவரும் மறந்திருக்கமாட்டார். அது நோயின் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் புள்ளிராஜா என்பது விரைவில் ஒரு கேலிப்பெயராயிற்று. தன்னைப் புள்ளிராஜாவாக எண்ணிப் பார்த்தவரைவிட, அடுத்தவரை அப்பெயரால் அழைத்துச் சிரித்தவரே மிகுதி. சிரிப்புக்கு உள்ளாகும் நோய்க்கு எவர் மனமுவந்து பரிசோதனைக்கு வருவார்?

சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வு சிந்திக்கத் தக்கது. சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளோடு இந்தியாவும் பங்கேற்ற பெரிய ஆய்வு அது. இந்தியாவில் சென்னையின் மதுக்கடைகள் அதற்குக் களமாயின. சில இடங்களில், பழகுவோரிடையே மதிப்புப் பெற்றவர்களைத் தெரிந்தெடுத்து, பாதுகாப்பான உறவைப் பற்றி நண்பர்களோடு உரையாடப் பயிற்சி அளித்தனர். மற்ற இடங்களில் அப்பயிற்சி இல்லை. விழிப்புணர்வுக் கல்வி மட்டும் தரப்பட்டது. ஆணுறையும் பால்வினை நோய்க்கான சிகிச்சையும் இரு சாராருக்கும் கிடைத்தன. 2010-இல் முடிவு வெளியாயிற்று. பயிற்சி பெற்ற நண்பர்கள் பேசிய இடங்களில் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஆனால் ஆபத்தான நடத்தை இரு பக்கமும் ஏறத்தாழ 33 விழுக்காடு குறைந்திருந்தது.

இதனைத் தோல்வியுற்ற ஆய்வு என்பாரும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரு சாராரும் மீண்டும் மீண்டும் நேர்காணப்பட்டனர். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை பெற்றனர். குறைவுக்கு இதுவும் காரணமாகலாம் என ஆய்வாளரே கூறினர். கேட்பவருக்கு உகந்த விடையைச் சிலர் சொல்லியிருக்கவும் கூடும். அதையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், எதிரே அமர்ந்து முகம் சுளிக்காமல் ஒருவரிடம் பலமுறை பேசுவதே அவரை மாற்ற வல்லது என்று நான் பொருள்கொள்கிறேன்.

இனி நம் செந்துறைப் பக்கம் வருவோம். அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் நம்பி ஓடும் லாரிகள் எத்தனை! திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் சென்றோர் இல்லாத தெரு அரிது. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருப்பவர் தவறியிருக்கலாம், தவறாமலும் இருக்கலாம். ஐயம் இருப்பின் பரிசோதித்துக்கொள்வது அறிவுடைமை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அதற்குக் கட்டணம் இல்லை. அவர் வராமைக்கு அறியாமையே காரணம் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அவர் அறிவார். காத்திருப்போர் வரிசையில் தம் ஊரார் ஒருவர் இருப்பார், 'என்ன தம்பி, இந்த அறை வாசலில் நிற்கிறாய்?' என்பார், மாலைக்குள் செய்தி தேநீர்க் கடையை அடைந்துவிடும் என்பதையும் அவர் அறிவார்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கர்ப்பிணிப் பெண்களுக்கு வழக்கமான பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுகிறது. அதனால் பல குடும்பங்களில் தொற்று முதலில் தெரியவருவது மனைவியிடத்தில். முதலில் தெரிந்தவளையே முதலில் பெற்றவள் என்று புகுந்த வீடு முடிவு செய்துவிடுகிறது. கணவருக்குப் பரிசோதனை நடக்கும் முன்பே தாய்வீட்டுக்கு அனுப்பப்படும் பெண், கூட்டு மருந்தை இடைவிடாது உட்கொள்வாளா? குழந்தையைத் தொற்றிலிருந்து காக்க வேண்டிய மாதங்கள் அல்லவா அவை! யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்பதைப் பரிசோதனைத் தாள் சொல்வதில்லை. அது சொல்வதாக நினைப்பது நம் ஆத்திரம்.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் அவரது நிலையை வெளியிடுவதையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடை செய்கிறது. வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. அப்படியானால் மனைவியிடமும் மறைக்கலாமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. துணையைக் காக்கும் கடமை தொற்றுள்ளவருக்கு உண்டு என்றும் அதே சட்டம் கூறுகிறது. சொல்லத் தயங்குவோருக்கு ஆலோசகர் உதவுவார். ஆனால் மைத்துனரும் பக்கத்துப் படுக்கைக்காரரும் துணை ஆகமாட்டார்கள்.

கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் அமைந்த எட்டு மையங்களுள் தாம்பரமும் ஒன்று. கணவன் மனைவி போன்ற இணையருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரிடம், சென்னை, புனே உள்ளிட்ட ஊர்களில், 9 நாடுகளில் நடந்த ஆய்வு 2011-இல் ஒரு செய்தியைச் சொன்னது: மருந்தைக் காலத்தே தொடங்கினால் மற்றவருக்குத் தொற்று செல்வது 96 விழுக்காடு குறைகிறது. மருந்தை விடாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின்வழி தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது. ஒரே தட்டில் உண்பதால் அது என்றுமே பரவியதில்லை. பின் எதற்காகச் சில வீடுகளில் இன்னும் தனித் தம்ளர்?

உடனிருப்போரிடம் நான் வேண்டுவது சிறிதே. பக்கத்துப் படுக்கையின் மருத்துவச் சீட்டைப் படிக்க வேண்டாம். நம்பிக்கை மையத்தின் வாசலில் தெரிந்தவரைக் கண்டால், கண்டதாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த மகனோ தம்பியோ 'ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்' என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், காரணம் கேளாமல் உடன் செல்லுங்கள். நேரில் கேட்கக் கூசுவோர் 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றி விவரம் கேட்கலாம்.