ஓட்டும் கற்பூரமும்

காஞ்சீபுரம் ஜில்லாவின் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2021 அக்டோபரிலும், காஞ்சீபுரம் நகரத்திற்கு 2022 பிப்ரவரியிலும் எலெக்ஷன் நடந்தது. ஸ்தல ஸ்தாபன எலெக்ஷன் என்றாலே இந்நாட்டில் ஓட்டுக்கு விலை பேசுவது சகஜமாகி விட்டது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நாம் இன்று எழுதப் புகுந்தது பணத்தைப் பற்றி மாத்திரமல்ல. பல ஊர்களிலும் பணத்தோடு கூடவே வருகின்ற கற்பூரத் தட்டைப் பற்றியேயாகும்.

ஓட்டு இரகசியமானது. வாங்கின கடனைக் கொடாதவன் மீது பிராது போடலாம். பணம் வாங்கி ஓட்டுப் போடாதவன் மீது எந்தக் கோர்ட்டில் பிராது போடுவது? ஆகவேதான் அபேட்சகரின் தரகன் கற்பூரத்தை ஏற்றி, "அடித்துச் சத்தியம் செய்" என்கிறான். அதாவது, சாமியைத் தன் அமீனாவாக அமர்த்திக் கொள்ளுகிறான். சம்பளமில்லாத அமீனா!

இதிலே வேடிக்கை என்னவென்றால், தெய்வ கோபத்திற்கு ஆளாவாய் என்று ஓட்டரை நம்பச் செய்வதே குற்றமென்று 1920-லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதியாய் விட்டது. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கின்றது. முனிசிபல் எலெக்ஷனும் இதற்குள் அடக்கம். பணம் கொடுப்பவன் மட்டுமல்ல, வாங்குகிறவனும் குற்றவாளியே. அப்படியிருக்க, குற்றத்திற்காகச் செய்த சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்று படித்தவர்களுங்கூடப் பயப்படுகிறார்களே, இதை என்னென்பது? ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காத நெசவாளத் தோழர், இந்தச் சத்தியத்தை மாத்திரம் ஏன் சுரண்டிப் பார்ப்பதில்லை?

"பணத்தை வாங்கிக்கொண்டு இஷ்டப்படி ஓட்டுப் போட்டால் போகிறது" என்பார் சிலர். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஒரு ஓட்டுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். ஐந்து வருஷத்திற்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 27 காசு. அந்தக் காசை முதலாகப் போட்டவன் சாக்கடைக் காண்டிராக்டிலும், தெரு விளக்கிலும், பட்டாவுக்குச் செய்யும் சிபார்சிலும் எடுக்காமல் விடுவானா? ஜெயித்தவன் நமக்குப் பதில் சொல்லுவதை விட்டு, தனக்கு ஸ்தானம் வாங்கிக் கொடுத்த பெரிய மனிதருக்கே பதில் சொல்லுகிறான்.

நிற்க, பக்கத்திலுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் வருஷத்திற்கு முன்பே நமக்கு ஜனநாயகம் இருந்ததென்று மேடைதோறும் பெருமை பேசுகின்றார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தச் சபை பார்ப்பனர் சபை. பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப்படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அங்கே ஓலை ஏது? ஆயினும் அதில் ஒரு விதியை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்பதே அது. பெருமை பேசுகின்றவர்கள் இந்த விதியைப் பற்றி மாத்திரம் மூச்சு விடுவதில்லை.

ஆகவே தோழர்களே, இனி எலெக்ஷன் வந்து தட்டோடு தரகன் உங்கள் வாசலில் நின்றால் ஒன்று கேளுங்கள். "அப்பா, உன் அபேட்சகரைக் கூட்டிவா. காண்டிராக்டில் கமிஷன் தொடமாட்டேன், வருஷாவருஷம் தெருவில் நின்று கணக்குச் சொல்லுவேன் என்று இதே கற்பூரத்தில் அவர் முதலில் அடிக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கற்பூரம் அணைவதற்கு முன் தட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகின்றதா இல்லையா என்று எமக்கு எழுதுங்கள்.