அரிப்பு நின்னுடுச்சு... பூஞ்சை நிக்கலையே! - மெடிக்கல் ஷாப் க்ரீம்களால் முரடாகும் படர்தாமரை

தொடை இடுக்கில் லேசாக அரிப்பு. அப்புறம் ஒரு சின்ன சிவப்பு வட்டம். வீட்டில் சொல்லக் கூச்சம், டாக்டரிடம் காட்ட அதைவிடக் கூச்சம். நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, அரிப்புக்கு ஏதாச்சும் க்ரீம் கொடுங்க" என்று மெதுவான குரலில் கேட்டிருக்கிறீர்களா? அவரும் ஒரு ட்யூபை நீட்டியிருப்பார். இரண்டே நாளில் அரிப்பு காணாமல் போயிருக்கும். சில வாரங்களில் திரும்பி வந்திருக்கும்... இந்த முறை இன்னும் பெரிய வட்டமாக!

இது உங்களுக்கு மட்டும் நடக்கும் விஷயமில்லை. இந்தியாவில் பல ஆண்டுகளாகத் தோல் மருத்துவர்களுக்குத் தலைவலியாக இருக்கும் பிரச்னை. இப்போது உலகப் பிரச்னையாகவும் ஆகிவிட்டது.

யார் இந்த வில்லன்?

படர்தாமரைக்குக் காரணம் புழு இல்லை, பூச்சி இல்லை. ட்ரைக்கோஃபைட்டான் போன்ற இழைப் பூஞ்சைகள். பழைய ரொட்டியில் பஞ்சு மாதிரி படர்கிறதே, அதே மாதிரி நூல்நூலாக வளரும் உயிர்கள். இவற்றுக்கு வாய் கிடையாது, வயிறும் கிடையாது. நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாவற்றிலும் இருக்கும் கெரட்டின் புரதம்தான் இவற்றுக்குச் சாப்பாடு.

ஒவ்வோர் இழையும் நுனியில்தான் வளரும். அதனால், தொற்றும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகரும். உடலின் எதிர்ப்பு சக்தி போராடப் போராட, நடுப்பகுதி ஆறும். ஓரம் சிவந்து அரிக்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் வட்டம். அந்தச் சிவப்பும் அரிப்பும் உங்கள் உடல் சண்டை போடுவதற்கான அடையாளம்.

க்ரீம் என்ன செய்கிறது?

கடையில் கேட்டதும் கிடைக்கும் பல க்ரீம்களில் பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு உங்கள் எதிர்ப்பு சக்தியை அந்த இடத்தில் தூங்க வைத்துவிடும். சண்டை நின்றதும் அரிப்பும் நிற்கும். 'ஆஹா, சூப்பர் க்ரீம்' என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில், பூஞ்சை தடையே இல்லாமல் படர்ந்துகொண்டிருக்கும். வட்டத்தின் வடிவம்கூடக் கலைந்துபோவதால், பிறகு பார்க்கும் டாக்டரே குழம்பிவிடலாம். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் நிரந்தரக் கோடுகள் விழும் ஆபத்தும் உண்டு.

2018 மார்ச்சில் மத்திய அரசு, தோலில் தடவும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை மாற்றியது. சட்டம் வந்துவிட்டது. ஆனால், சீட்டு கேட்கும் கடைகள் எத்தனை? பதில் உங்களுக்கே தெரியும்.

நியூயார்க் வரை போன பூஞ்சை

2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள், இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். நோய்க் கிருமிக்கு நாட்டின் பெயரா என்று இங்கே எதிர்ப்பும் வந்தது. பெயரைவிடக் கவலைக்குரியது அதன் குணம். படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபைன் மாத்திரைக்கு இந்த இனத்தில் பல மசிவதில்லை.

காரணம் எளிமையானது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு தேவை. அதைத் தயாரிக்கும் ஒரு நொதியைத்தான் டெர்பினஃபைன் முடக்கும. அந்த நொதிக்கான மரபணுவில் ஒரேயொரு இடம் மாறினாலே போதும், மருந்து பிடிகொடுக்காமல் நழுவிவிடும். வேறு மருந்துக்கு மாறலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பரிணாம வரிசையில் பூஞ்சைகள் தாவரங்களைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். நம் செல்லைத் தொடாமல் பூஞ்சையை மட்டும் கொல்லும் மருந்து வகைகள் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன.

2023 மே மாதம், நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தப் பூஞ்சைத் தொற்று இருந்ததை அமெரிக்காவின் சி.டி.சி வெளியிட்டது. அந்த நாட்டில் பதிவான முதல் இரு நோயாளிகள் இவர்கள். அதில் ஒருவர் சமீபத்தில் வெளிநாடு எங்கும் போகாதவர். அப்படியென்றால், அது அங்கேயே பரவத் தொடங்கியிருக்க வாய்ப்பு இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் வேறு, க்ளோபெட்டசால் வேறு. முன்னது பூஞ்சைக்கொல்லி. பெயர் குழப்பத்தில் ஏமாந்துவிடாதீர்கள்.

* ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும்.

* அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை தொடருங்கள்.

* உதிரும் தோலோடு வித்துகளும் துணியில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடு இருக்கும். துண்டு, உள்ளாடையைப் பகிர வேண்டாம். சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். ஈர ஜீன்ஸை 'பரவாயில்ல' என்று மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

* வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை கடையில் க்ரீம் கேட்கும்போது வரும் கூச்சத்தை, ஒரே ஒரு முறை தோல் மருத்துவரிடம் பட்டுவிடுங்கள். இடுக்கில் வரும் படர்தாமரை அவர் தினமும் பார்க்கும் விஷயம்தான். அவருக்கு அது புதுசு இல்லை பாஸ்!