இடங்கள் பெருகுகின்றன, பயிற்சிக்கு என்ன வழி?

புது தில்லி: மருத்துவ மேற்படிப்பு இடங்களைப் பெருக்குவதில் மத்திய அரசு காட்டும் வேகம், அவற்றில் சேருவோருக்கு யார், எப்படிப் பயிற்சி அளிப்பது என்பதில் தென்படவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவற்றைக் கையாளும் கதிரியக்கவியல் துறைக்கு இது முக்கியமான கேள்வி.

அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் கூடுதலாக 5,000 மேற்படிப்பு இடங்களை உருவாக்க 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே, ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள், இரு ஆசிரியர்கள் இருந்தாலே 2 இடங்களுடன் மேற்படிப்பைத் தொடங்க வழிவிட்டன. நாள் முழுவதும் நோயாளிகள் வரிசையில் நிற்கும் மருத்துவமனையில், அறிக்கை எழுதவே நேரம் போதாத இரு மூத்த மருத்துவர்கள் மாணவர்களுக்கு எப்போது கற்பிப்பார்கள்?

இதற்கு ஒரு விடை பாவனைப் பயிற்சி. நோயாளிக்குப் பதிலாக பொம்மை உடலிலும் கணினித் திரையிலும் பழகும் முறை இது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தித் திசு எடுப்பதை முதலில் ஜெலட்டின் கட்டியில் பழகலாம். பெயர் நீக்கிய பழைய சி.டி. படங்களைக் கொண்டு இரவுப் பணியின் நெருக்கடியை உருவாக்கலாம்.

சி.டி. ஸ்கேனுக்காகச் செலுத்தும் சாய மருந்து மிகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு மாணவர் அதை ஒருமுறைகூடக் காணாமல் போகலாம். ஆனால், நேரும்போது நிமிடங்களில் உயிர் ஊசலாடும். அரிதாக நிகழ்வதைக் கற்க ஒத்திகை தவிர வேறு வழியில்லை.

300 மணி நேரம்: திறனை எப்படி அளப்பது என்பதிலும் தெளிவு தேவை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2014-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஸ்கேன் செய்ய விரும்பும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 6 மாதங்களில் 300 மணி நேரப் பயிற்சியை வலியுறுத்தின. 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இந்த வழக்கில் பேசப்பட்டது பெரும்பாலும் அதிகாரம் யாருக்கு என்பதே. ஆனால், முன் அனுபவம் உள்ளோர் திறனறித் தேர்வில் தேறினால் பயிற்சியிலிருந்து விலக்குப் பெறலாம் என்றும் அவ்விதிகள் கூறின. மணிக்கணக்கைவிடத் திறனே முக்கியம் என்ற எண்ணத்தின் வித்து அதில் உள்ளது. அனைவருக்கும் ஒரே சோதனையை ஒரே நிலையில் வைக்கப் பாவனைக் கருவிகள் உதவும்.

பூட்டிய அறை வேண்டாம்: 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றப்பட்டபோது திறன் பயிற்சிக் கூடம் கட்டாயமாக்கப்பட்டது. கூடம் கட்டுவதும் கருவி வாங்குவதும் எளிது; நடத்துவது கடினம். எனவே திட்டமிடல் கொள்முதலில் தொடங்கக் கூடாது. எந்தெந்தச் செயலை மாணவர் நோயாளியைத் தொடுமுன் கற்றாக வேண்டும் என்ற பட்டியல் முதலில் தேவை. ஆசிரியருக்கு அதற்கெனப் பணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். விலையுயர்ந்த கருவிகளை அண்டைக் கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம்.

பொம்மையில் தேறியவர் உடனே வல்லுநராகிவிட மாட்டார். நோயாளியிடம் கற்க வேண்டியது எப்போதும் மிச்சமிருக்கும். ஆனால், முதல் தவறுக்கு விலை கொடுப்பவர் அரசு மருத்துவமனையை நம்பி வரும் ஏழையாக இருக்கக் கூடாது. தரத்தை வகுப்பது மத்திய ஆணையம். அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாநிலங்கள். இடங்களின் எண்ணிக்கையில் காட்டும் ஒற்றுமையை இரு தரப்பும் பயிற்சியிலும் காட்ட வேண்டும்.