நடிக்க ஆசைப்படும் பிள்ளையின் வாப்பாவுக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. நடிப்பு ஆசையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்கள், இருக்கும் வீட்டுக்கு அனுப்பி விடுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தோம். பழைய மாணவன் ஒருவனின் வாப்பா வந்து கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். மகனின் போனைக் கையில் தந்தார். வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. 'நீங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். சென்னையில் படப்பிடிப்பு. பதிவுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமுமாக 75,000 ரூபா உடன் வைப்பிலிடவும்.' கீழே ஒரு தனியாளின் வங்கிக் கணக்கிலக்கம்.

"சேர், இது மெய்யா?" என்று கேட்டார்.

"காக்கா, காசு போட்டாச்சா?" என்று நாம் கேட்டோம்.

அவர் பேசவில்லை. ராத்தாவின் காப்பை அடகு வைத்து முதல் நாளே போட்டிருக்கிறான் பொடியன். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, அது ஒரு பக்கம் நடக்கட்டும். இங்கே சொல்ல வந்தது வேறு. இந்தப் பிள்ளையை ஆறு வருடங்களுக்கு முன்னர் தமிழ்மொழித் தினப் போட்டி நாடகத்தில் மேடையேற்றியது நாம்தான். கிழவன் வேடம். கோட்டக் கல்வி மட்டத்தில் முதலாம் இடம். ஒலிவாங்கியைப் பிடித்து, "இவன் பெரிய நடிகனாக வருவான்" என்று சபையில் சொன்னதும் நாம்தான். அப்படிச் சொன்ன நாம், அதற்கு என்ன வழி, எங்கே போக வேண்டும், யாரை நம்பக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைதட்டிவிட்டு அடுத்த தவணைப் பரீட்சைக்குப் போய்விட்டோம். அந்த இடைவெளியில்தான் வட்ஸ்அப்காரன் நுழைந்திருக்கிறான்.

ஆகவே அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறோம்.

முதலில் காசு. நடிகனுக்குத்தான் காசு கொடுப்பார்கள், நடிகனிடம் வாங்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம், அங்கத்துவக் கட்டணம், அல்பம் எடுக்கும் கட்டணம், விசாக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். வகுப்புக்குக் கட்டணம் வாங்குவது வேறு விடயம். அது வகுப்பு. 'உனக்கு வேடம் தருகிறேன், அதற்கு இவ்வளவு கட்டு' என்றால் அது வியாபாரம், நீங்கள்தான் அதில் சரக்கு. ஒடிஷன் என்று கூப்பிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். நெறியாளர் யார், அவர் இதற்கு முன் என்ன செய்தார், அதில் நடித்த ஒருவருடன் கதைக்கலாமா? உண்மையான ஆள் கோபிக்க மாட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் வாப்பாவோ உம்மாவோ கூடவே போக வேண்டும். பெண் பிள்ளை என்றால் வயது என்னவானாலும் தனியாக ஹோட்டல் அறைக்கு ஒடிஷன் என்று கூப்பிடுபவனிடம் போகவே கூடாது. ஒடிஷன் பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் நடக்கும்.

அடுத்தது சென்னை. எங்கள் பிள்ளைகளுக்கு சினிமா என்றால் கோடம்பாக்கம்தான். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. அதற்குத் தொழில் விசா வேண்டும், அதைக் கூப்பிடும் கம்பெனிதான் கடிதம் தந்து ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே பெப்சி என்ற தொழிலாளர் சம்மேளனமும் நடிகர் சங்கமும் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளே கதவு கதவாக வருடக்கணக்கில் நிற்கிறார்கள். இங்கிருந்து ஒரு பையை மாட்டிக்கொண்டு போகும் பொடியனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

'ஷோபாசக்தி போகவில்லையா' என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில் கதாநாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த அவர்தான். ஆனால் அந்த நேரம் அவர் பிரான்சில் அகதியாகப் பல வருடம் வாழ்ந்து, நாவல்கள் எழுதி, 'செங்கடல்' படத்தில் எழுதியும் நடித்தும் முடித்திருந்தார். அவர் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் அந்தப் படம் தேடிக்கொண்டு வந்தது. அப்படி ஒன்று வந்தால் அல்ஹம்துலில்லாஹ். அதை நம்பிக் காப்பை அடகு வைக்க ஏலாது.

இங்கே நாட்டுக்குள் என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்லிவிடுவோம். உள்ளூர்த் தமிழ்ச் சினிமா 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று அறுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இன்றுவரை அது நடிகனுக்கு மாதா மாதம் சோறு போடும் தொழிலாக நிலைக்கவில்லை. நாட்டில் படப்பிடிப்பு வேலை பெரும்பாலும் சிங்களத்தில்தான். தினமும் மாலையில் ஓடும் தொடர்நாடகங்களில் தமிழ், முஸ்லிம் பாத்திரங்கள் வரும்போது, அந்தப் பாத்திரங்களைச் சிங்கள நடிகர்களே உடைந்த தமிழில் பேசி நடிப்பதை எத்தனை தரம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சிரிப்பதை விட்டுவிட்டு யோசித்தால் அது ஒரு காலி இடம். சிங்களம் சரளமாகப் பேசவும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கவும் தெரிந்த எமது பிள்ளைக்கு அந்த இடம் பொருந்தும். வசனத்தாள் சிங்கள எழுத்தில்தான் கையில் வரும். இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தைக் கடமைக்குப் படித்தவன் அங்கே முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவான்.

பராக்கிரம நிரியெல்ல தொடங்கிய ஜனகரலிய குழுவைச் சிலருக்கு நினைவிருக்கும். தமிழில் மக்கள் களரி என்பார்கள். கழற்றி மாட்டும் அரங்கக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய், சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒரே நாடகத்தை இரண்டு மொழியிலும் போட்டார்கள். அப்படிப்பட்ட குழுவில் ஒரு வருடம் கூட்டிப் பெருக்கி, திரை இழுத்து, சின்ன வேடம் கட்டினால் அது பத்து ஒடிஷனுக்குச் சமம்.

இனிக் குரல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எமது ஊர்ப் பிள்ளைக்கு வீட்டில் இருந்தபடியே திறக்கக்கூடிய கதவு இதுதான்.

இந்த நாட்டில் ஒரு சவர்க்காரத்துக்கு விளம்பரம் செய்தாலும் சிங்களத்திலும் தமிழிலும் செய்ய வேண்டும். வங்கிக்குப் போன் எடுத்தால் 'தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்' என்கிற குரல் ஒருவருடையது. டெங்கு விழிப்புணர்வு, தேர்தல் அறிவித்தல், தொண்டு நிறுவனங்களின் வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் தமிழ்க் குரல் வேண்டும். குரல் நடிப்பும் நடிப்புத்தான். எமது வானொலி மரபே அதைக் கற்றுத் தந்தது. பி.எச். அப்துல் ஹமீட் அவர்களின் உச்சரிப்பை இந்தியத் தமிழரும் காது கொடுத்துக் கேட்டார்கள். முஸ்லிம் சேவையின் நாடகம் ஓடும்போது எங்கள் உம்மா சோற்றுப்பானையை இறக்க மறந்து நின்றது எமக்கு நினைவிருக்கிறது. மரிக்கார் ராம்தாஸ் முஸ்லிம் அல்ல என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வானொலி நகைச்சுவைத் தொடரில் மரிக்கார் என்ற பாத்திரத்தைப் பேசி, அந்தத் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்து, பாத்திரத்தின் பெயரே அவருடைய பெயராக ஒட்டிக்கொண்டது. எங்கள் பேச்சை அவர் காதால் அவ்வளவு பிடித்திருந்தார். எங்கள் பேச்சை எங்கள் பிள்ளைகளே மேடையில் பேச வெட்கப்படுகிறார்கள், இதுதான் வேடிக்கை.

வெட்கப்பட வேண்டாம், ஆனால் அதிலேயே நின்றுவிடவும் வேண்டாம். ழகரம் எங்கள் வாயில் ளகரமாகிறது. 'மழை'யும் 'மலை'யும் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒலிவாங்கி முன்னால் தெளிவாகப் பிரிய வேண்டும். வீட்டில் 'வாப்பா சொல்லிட்டாரு' என்று பேசிக்கொண்டு, ஒலிப்பதிவுக்கூடத்தில் 'தந்தையார் கூறினார்' என்று அதே இயல்போடு பேசத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் பிடித்து ஓதப் பழகிய பிள்ளைக்கு இதில் ஒரு முற்பணம் கையில் இருக்கிறது. நாக்கு எங்கே தொடுகிறது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று ஹஸ்ரத் பிரம்போடு நின்று சொல்லித் தந்த பயிற்சி வேறு எந்த நடிப்புப் பள்ளியிலும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அதே கவனத்தைத் தமிழுக்கும் வையுங்கள்.

தினமும் இருபது நிமிடம் பத்திரிகையைச் சத்தமாக வாசித்து போனில் பதிந்து, திரும்பக் கேட்க வேண்டும். கேட்பதுதான் கஷ்டம். சொந்தக் குரலை யாருக்கும் பிடிக்காது. ஒரு மாதம் தாக்குப் பிடித்தால் பிழைகள் தாமாகக் காதில் விழும். மின்விசிறியை நிறுத்தி, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுப் பதிந்தால் எதிரொலி குறையும். எங்கள் பழைய மாணவி ஒருவர் அப்படிப் பதிந்து அனுப்பித்தான் முதல் விளம்பரம் பெற்றார். இப்போது இரண்டு பிள்ளைகளின் உம்மா. பிள்ளைகள் தூங்கிய பிறகு பதிவு.

அவரைப் பற்றி எழுதும்போது இன்னொரு பிள்ளையும் நினைவுக்கு வருகிறாள். பேச்சுப் போட்டியில் மாகாணம் வரை போனவள். 'போதும், இனி வீட்டில் இருக்கட்டும்' என்று வீட்டார் சொன்னபோது ஆசிரியர் என்ற முறையில் வாய் திறக்காமல் இருந்தோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் எமக்கும் இருந்தது. நடிப்பு கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எமது துறை இல்லை. ஆனால் கேட்காமலே ஒரு பிள்ளையின் நாக்கைக் கட்டிப் போட்டதில் எமக்கும் பங்கு இருக்கிறது. எந்த உடை, எந்தக் காட்சி, எவ்வளவு நெருக்கம் என்ற எல்லையை வேலை தொடங்கும் முன்னரே எழுத்தில் சொல்லலாம். படப்பிடிப்புத் தளத்தில் வைத்துச் சொன்னால் சண்டையாகும், முன்னரே சொன்னால் அது நிபந்தனை. ஏற்காதவர் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான். எத்தனை நாள் வேலை, எவ்வளவு காசு, எப்போது தருவார்கள், டப்பிங்குக்குத் தனியாகத் தருவார்களா, பிரயாணம் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். வட்ஸ்அப்பில் எழுதினாலும் பரவாயில்லை, அழிக்காமல் வையுங்கள்.

படிப்பைப் பற்றி. சாதாரண தரத்தில் அழகியல் தொகுதியில் நாடகமும் அரங்கியலும் என்று ஒரு பாடம் இருக்கிறது. உயர்தரத்திலும் இருக்கிறது. எங்கள் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் இல்லை என்று சித்திரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். உயர்தரம் எழுதியவருக்கு மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை இருக்கிறது. தகுதி விபரங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வரும். அதைத் தரம் பத்திலேயே பாருங்கள், பெறுபேறு வந்த பிறகு அல்ல. பட்டம் வேடம் வாங்கித் தராது. ஆனால் ஆசிரியர் நியமனத்துக்கோ ஊடக வேலைக்கோ கதவு திறக்கும், நடிப்பு இல்லாத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியும். பட்டம் வேண்டாம் என்றால் லீவு எடுக்கக்கூடிய ஒரு கைத்தொழிலாவது வேண்டும். தையல், ஆட்டோ, வீடியோ எடிட்டிங், எதுவானாலும் சரி. பசியோடு ஒடிஷனுக்குப் போகிறவன் எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பான்.

அல்பத்துக்குப் பத்தாயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் முகம் தெரிய ஒரு படம், முழு உருவம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பில்டர் போடக் கூடாது. ஒரு நிமிட வீடியோவில் பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், பிறகு ஒரு சின்ன வசனம். இவ்வளவும் போன் போதும். டிக்டொக்கில் மற்றவன் குரலுக்கு வாயசைத்ததை அனுப்பினால் பார்க்கிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியவராது.

பொடியன் இந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தான். தலை நிமிர்த்தவில்லை. தேத்தண்ணி கொடுத்து, மேசையில் கிடந்த பத்திரிகையை நீட்டி, "வாசி மகன்" என்றோம். மீன் விலை பற்றிய செய்தி. நாலாவது வரியில் அந்தப் பழைய கிழவனின் குரல் தானாக வந்தது. நாங்கள் சிரிக்க அவனும் சிரித்தான். 'விழை' என்று வாசித்ததைத் திருத்தி 'விலை' என்று சொல்லிக் கொடுத்தோம்.

வரும் சனிக்கிழமையிலிருந்து அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இருப்போம். அதிபரிடம் அனுமதி எடுத்தாயிற்று. கட்டணம் இல்லை. ஆண் பிள்ளைகள் சனிக்கிழமை, பெண் பிள்ளைகள் ஞாயிறு காலை, அன்று எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவரும் இருப்பார். ஒரு பத்திரிகையும் ஒரு போனும் கொண்டு வாருங்கள். வாப்பா, உம்மா யாராவது ஒருவர் முதல் நாள் கூட வந்தால் நல்லது. காப்பு மீட்பதற்கு உதவ விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், அந்த வீட்டுப் பெயரைக் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம்.