எந்தக் கொழுப்பு என்று தமிழில் எழுதுங்கள்

சித்திரை வெயிலில் சின்னசேலம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேலே தகரம் கொதிக்கும். தொங்கவிட்ட வாழைப்பழம் மதியத்துக்குள் கறுத்துவிடும். ஜாடியில் இருக்கும் சாக்லேட் மட்டும் காலையில் போட்டபடியே விறைப்பாகக் கிடக்கும். மருந்துக்கடைக்காரனான எனக்கு அந்த விறைப்பு உறுத்துகிறது. கோகோ வெண்ணெயில் செய்த சாக்லேட் அந்தச் சூட்டைத் தாங்காது.

டி.பார்ம் படித்தபோதுதான் கோகோ வெண்ணெயை முதன்முதலில் கையால் தொட்டேன். பாடப்புத்தகத்தில் அதற்குத் தியோப்ரோமா எண்ணெய் என்று பெயர். பெயர்தான் எண்ணெய், பார்த்தால் வெளிர்மஞ்சள் கட்டி. கத்தியால் சீவினால் மெழுகுபோலச் சுருண்டு விழும், மோந்தால் லேசாகச் சாக்லேட் வாசனை வரும். ஆசனவாயில் வைக்கிற மருந்தை அதில் கலந்து அச்சில் ஊற்றுவது எங்களுக்குச் செய்முறைப் பாடம். “ஏன் இந்தக் கொழுப்பு?” என்று கேட்ட ஆசிரியர், ஒரு சீவலை உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். திறந்தபோது ரேகைகளில் எண்ணெய் ஓடியிருந்தது. சுமார் 34 டிகிரி வரை கட்டி. உடம்பின் 37 டிகிரிக்கு வருவதற்குள் திரவம். அடுத்த முறை நான் அவசரப்பட்டு அதிகமாகச் சூடாக்கிவிட்டேன். அன்று ஊற்றியது சரியாக இறுகவே இல்லை. இந்தக் கொழுப்பு ஆறு விதமாக உறையும். சூடு மீறினால் நல்ல உறைவு கெட்டு, சீக்கிரம் இளகுகிற உறைவில் போய் நின்றுவிடும். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாக்லேட் செய்கிறவர்களும் இப்படிப் பதம் பார்த்துத்தான் ஆறவைக்கிறார்கள்.

ஓடு நீக்கிய கோகோ பருப்பில் ஏறக்குறைய பாதி இந்தக் கொழுப்புதான். அதனால் இதன் விலையும் கோகோ விலையோடு ஏறி இறங்கும். கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் படுத்ததால் 2024 கடைசியில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. மலிவாக விற்க வேண்டியவர்கள் கோகோ வெண்ணெய்க்குப் பதில் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பைப் போடுகிறார்கள். அது ஜாடியிலும் இளகாது, வாயிலும் முழுசாகக் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டும். ஒரு ரூபாய்க்குக் குழந்தை கையில் ஒரு மிட்டாய் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. என் வருத்தமெல்லாம் உறையைப் பற்றியது. எந்தக் கொழுப்பு என்பது பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழ் அவரவர் விருப்பம். வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி வருகிற ஒரு தாய் அதில் எதைப் படிப்பார்?

லோஷன் விஷயம் இதைவிட மோசம். போன மாதம் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, “கோகோ பட்டர் லோஷன் தடவினா வயித்துல கோடு விழாதாமே, அண்ணா?” என்று கேட்டு வந்தாள். லெபனானில் கர்ப்பிணிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கோகோ வெண்ணெய் லோஷனும் மற்றவர்களுக்கு அது சேராத லோஷனும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளியானது: கோடு விழுவதில் வித்தியாசமே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். தோல் வறட்சிக்கு இந்த வெண்ணெய் நல்லதுதான், ஈரத்தைப் போகவிடாமல் காக்கும். பரு வருகிற முகத்துக்கு ஆகாது. பாட்டிலைத் திருப்பிக் காட்டினேன். சேர்மானப் பட்டியலில் அதிகமாகச் சேர்ந்தது முதலில் வரும். முதலில் தண்ணீர், அப்புறம் பாரபின். முன்பக்கம் பெரிதாகப் போட்ட கோகோ வெண்ணெய் வரிசையின் வாலில் இருந்தது. “அப்போ தேங்காய் எண்ணெய் போதுமா, அண்ணா?” “வறட்சிக்குத் தாராளமா போதும்மா.”

ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் போட்ட சாக்லேட் விதியை நான் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோகோ வெண்ணெயோடு வேறு கொழுப்பு 5 சதவீதம் வரை சேர்க்கலாம், ஆனால் அதை உறையில் சொல்லியாக வேண்டும். அனுமதித்த ஆறில் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு உண்டு. நம் வடமாநிலக் காடுகளின் சால் விதைக் கொழுப்பும் உண்டு. இன்னொன்றின் பெயர் ‘இல்லிப்பே’. கொழுப்பு போர்னியோ தீவின் வேறொரு மரத்துடையது. பெயர் மட்டும் நம்முடைய இலுப்பை. அங்கே சட்டத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. இங்கே தமிழ்ப் பிள்ளை தின்கிற மிட்டாய் உறையில் தமிழ் இல்லை.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். மாற்றுப் பொருளை நம் முன்னோர் கேவலமாக நினைக்கவில்லை. கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய், தலைக்குத் தேய்க்க இலுப்பைப் பிண்ணாக்கு என்று அதை அதன் பெயரிலேயே வாங்கினார்கள், விற்றார்கள். மாற்றுக் கொழுப்பைப் போடுகிறவர்களிடம் நான் கேட்பதும் அந்தப் பெயரைத்தான். உறையின் முன்பக்கத்தில், விலை போடுகிற அளவு எழுத்தில், தமிழில், ‘கோகோ வெண்ணெய் இவ்வளவு, வேறு கொழுப்பு இவ்வளவு’ என்று வர வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதியைத் திருத்த வேண்டும். மாநில அரசு அதை விடாமல் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் என் கடையில் உள்ள லோஷன்களின் பின்பக்கத்தைத் தமிழில் எழுதி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: தண்ணீர்.