மீண்டும் மீண்டும் எரியும் மஞ்சள் விளக்கு

உச்சமுனையிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் உள்நீரும் சூழ்ந்த அவ்வூரிலிருந்து மீன் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வருகிறது. அங்கிருந்து அவருடைய கணவரின் வான் அதனைப் புத்தளத்துக்குக் கொண்டு செல்கிறது. சில மாதங்களாக அவ்வண்டியின் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவதும், கராஜில் அதனை அழிப்பதும், இரண்டு நாளில் அது திரும்ப எரிவதுமாய் இருக்கின்றதாம். மூன்று முறை அழித்தபின், "கொம்பியூட்டர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று கூறிவிட்டனராம். அதற்காகத் தம் காப்புகளை அடகு வைக்கலாமா என்பதே அச்சகோதரியின் வினா.

இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்பது நமது விடை. காரணத்தைச் சற்று விரித்தே கூறுவோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆதலால் பழைய வண்டியைப் பேணியே பிழைக்க வேண்டிய குடும்பங்கள் நம் நாட்டில் பல.

இவ்விளக்கு காற்று மாசைத் தடுக்க எழுந்த சட்டங்களின் குழந்தை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் புதிய கார்கள் யாவும் ஒரே வகைக் குறியெண்களைக் காட்ட வேண்டுமென்று விதித்தனர். பிற நாடுகளும் அவ்வழியே வந்தன. எனினும் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றை, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவிகள் முழுமையாக வாசிப்பதில்லை. அவ்வண்டிக்குரிய கருவி உள்ள இடத்திற்கே செல்ல வேண்டும்.

குறியெண் என்பது சாட்சியின் வாக்குமூலமேயன்றித் தீர்ப்பு அன்று. பி 0171 என்று காட்டினால், எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று எஞ்சினுள் செல்கிறது என்பதே பொருள். வெடித்த ரப்பர் குழாய், அழுக்கேறிய காற்றளவுக் கருவி, தளர்ந்த பெற்றோல் பம்பு ஆகிய மூன்றில் எதுவும் அதற்குக் காரணமாகலாம். எண்ணைப் பார்த்தவுடன் ஒரு பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்றவுடன் கைக்கு வந்த மாத்திரையை விழுங்குவது போன்றது.

அழிப்பதிலும் ஒரு தீங்குண்டு. குறை தோன்றிய வேளையில் வண்டியின் வேகம் என்ன, எஞ்சினின் சூடு எவ்வளவு என்பனவற்றையெல்லாம் கணினி குறித்து வைத்திருக்கும். எண்ணை அழிக்கும்போது அக்குறிப்பும் அழிந்து போகின்றது. பெரும்பாலான குறைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்டாலன்றி விளக்கு எரியாது. ஆகவே அழித்தபின் ஒரு நாள் விளக்கு எரியாதிருந்தது என்பது குணமானதற்குச் சான்றாகாது. எண்களையும் குறிப்பையும் தாளில் எழுதித் தரும்படி முதலில் கேளுங்கள். பற்றரியைக் கழற்றினாலும் இவை பல வண்டிகளில் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

இனி உப்புக்கு வருவோம். சோளகம் வீசும் மாதங்களில் கற்பிட்டிக் கரையில் நிறுத்திய வண்டியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் உப்புக் கையில் ஒட்டும். அது போதாதென்று மீன் பெட்டியிலிருந்து உருகும் பனிநீர் தரைவிரிப்பின் கீழ் ஊறுகின்றது. வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கவும், எஞ்சினையும் வண்டியின் உடலையும் பற்றரியுடன் பிணைக்கும் எர்த் வயரின் முனைகள் அரிக்கவும் வேறென்ன வேண்டும்? எர்த் கெட்டால் உணர்கருவிகள் யாவும் பொய் சொல்லத் தொடங்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எண்கள் ஒருங்கே வருவது இதற்கு ஓர் அடையாளம்.

சோதனை எளிது. வோல்ட் மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும், மற்றதை எஞ்சினின் துப்புரவான உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் செய்யுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடையுண்டு. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும்.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதில்லை. கணினி பல உணர்கருவிகளுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. அவற்றுள் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். பார்ப்பவருக்குக் கணினியே செத்தது போலத் தோன்றும். கருவிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகின்றதோ அதுவே குற்றவாளி. கணினியைப் பழிக்குமுன் அதற்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் அதன் வாயிலிலேயே அளந்தனரா என்று உங்கள் கணவர் கேட்கட்டும். அளக்கவில்லையெனில் அவர்கள் கூறியது ஊகமே.

கணினி மெய்யாகவே கெடுவதும் உண்டு. பி 0601 முதல் பி 0606 வரையுள்ள எண்கள் அதையே சுட்டுவன. ஆயினும் பற்றரி தளர்ந்தாலும் அவை தோன்றக்கூடும். பெட்டியைத் திறந்தால் நீர்க்கறை தெரியலாம். 1990களின் வண்டிகளில் கப்பாசிற்றர் என்னும் சிறு உருளைகள் கசிந்து பலகையை அரித்திருக்கலாம். அக்கசிவு மீன் நாற்றம் வீசும் என்பர். மீன் வானில் அதை யார் கண்டுபிடிப்பது! அவ்வுருளைகளை மட்டும் மாற்றிப் பிழைத்த பெட்டிகள் பல.

மாற்றியே தீர வேண்டுமாயின், பழைய பெட்டியின் மேலுள்ள எண்ணும் புதியதன் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். சாவியில் களவுத் தடுப்புச் சில்லு உள்ள வண்டியில், சாவியைப் புதிய கணினிக்கு அறிமுகம் செய்தாலன்றி எஞ்சின் ஓடாது. பழையதை எரித்த குறை எங்கோ வயரில் இருக்குமாயின், புதியதும் அதே வழியிற் போகும், காப்பும் போகும்.

முதலில், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, எர்த் முனைகளை உலோகம் மின்னுமாறு சுரண்டி இறுக்குங்கள். மெல்லிய இணைப்பூசிகளை மட்டும் சுரண்டலாகாது; அவற்றுக்கென விற்கும் துப்புரவுத் திரவமே போதும். மீன் பெட்டியின் நீர் குழாய் வழியே வெளியே வடியட்டும்.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். மஞ்சள் விளக்கு நிலையாக எரிய, எஞ்சின் திக்காமலும் சூடேறாமலும் ஓடுமானால், மெல்ல ஓட்டிச் சென்று காட்டலாம். விளக்குக் கண்சிமிட்டுமாயின் எஞ்சினில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த வடிகலனைச் சுட்டழிக்கின்றது என்று பொருள். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அன்றைய மீனை வேறு வண்டியில் ஏற்றிவிட வேண்டியதுதான்.